சாரத்தின் காலடியில் கேட்கும் சத்தம்

கேள்வி: சோழவந்தானுக்குப் பக்கத்துக் கிராமத்தில், எங்கள் தாத்தா கட்டிய மாடி வீட்டைப் பழுதுபார்த்து வருகிறோம். கிழக்குப் பார்த்த வீடு. முகப்பின் கைப்பிடிச் சுவரில் சுதை வேலைப்பாடு இருக்கிறது. சுவர் முழுக்கச் சுண்ணாம்புக் காரை என்பதால் எங்கும் துளை போடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அதனால் மேஸ்திரி சுவரைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி, இரும்புக் குழாயில் 20 அடி நீளம், 4 அடி அகலம், 30 அடி உயரத்துக்குத் தனிச் சாரம் நிறுத்தி, தெருவில் தூசி பறக்காமல் இருக்கப் பச்சை வலையும் கட்டியிருக்கிறார். ஆடிக் காற்றில் சாரம் ஆடுகிறது. இரவில் அதன் அடியில் டக் டக் என்று சத்தம் கேட்கிறது. கால்களில் மணல் மூட்டை வைத்தால் போதும் என்கிறார் மேஸ்திரி. எத்தனை மூட்டை வைப்பது? தெருவோரத்து வேப்ப மரத்திலும் மின்கம்பத்திலும் கயிறு இழுத்துக் கட்டலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த "டக் டக்" சத்தத்தைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். இதைப் படித்ததும் பச்சை வலையை முழுவதும் அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். அதையும் காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில், சாரத்தின் மேல் ஏறாமல், மாடி ஜன்னல் வழியாகவும் மொட்டைமாடியில் இருந்தும் கயிற்றை அறுத்துச் செய்ய வேண்டும். வேறு ஏற்பாடு முடியும் வரை யாரும் அதில் ஏற வேண்டாம். சாரத்துக்கு முன்னால் அதன் உயரமான 30 அடிக்குக் குறையாமல் தெருவை மறித்துக் கயிறு கட்டி, குழந்தைகளும் வண்டிகளும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சத்தம், சாரத்தின் காலுக்கு அடியில் உள்ள இரும்புத் தகடு தரையை விட்டு எழும்பி மறுபடி விழும் சத்தம். காற்று ஒரு பக்கம் தள்ளும்போது எதிர்ப்பக்கத்துக் கால் வரிசை நூலளவு தூக்கிக்கொடுக்கிறது, காற்று தணிந்ததும் அமர்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் நான் மேற்பார்த்த ஒரு பள்ளிக்கூட வேலையில் இப்படித் தனியாக நின்ற சாரம் ஒன்று மதியத் தேநீர் நேரத்தில் விழுந்தது. ஆட்கள் நிழலில் உட்கார்ந்திருந்ததால் உயிர் தப்பியது. வெயிலுக்காக அதில் தார்ப்பாய் கட்ட அனுமதித்தவன் நான். விழுந்த பிறகு காலடியைப் பார்த்தபோது, ஒவ்வொரு தகட்டின் விளிம்பிலும் புழுதி மெல்லிய பிறை வடிவில் வழிக்கப்பட்டிருந்தது. இரண்டு நாள்களாகவே அந்தக் கால்கள் எழும்பி எழும்பி அமர்ந்திருக்கின்றன, நாங்கள் யாரும் குனிந்து பார்க்கவில்லை. உங்கள் சாரத்தின் தகடுகளிலும் அந்தப் பிறையைத் தேடுங்கள், இருக்கும் என்றே நினைக்கிறேன்.

இது ஏன் நடக்கிறது என்பதைக் கணக்காகவே காட்டிவிடுகிறேன், ஏனென்றால் மேஸ்திரியிடம் பேசும்போது உங்களுக்கு அது உதவும். காற்றின் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, மறுபடி 0.6-ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டரில் அது தரும் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். காற்றுச் சுமைக்கான நம் நாட்டுத் தரவிதி, ஐ.எஸ். 875-இன் மூன்றாம் பகுதி, இந்த முறையைத்தான் கையாள்கிறது. மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 20 மீட்டர் வேகக் காற்று சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 24 கிலோ அழுத்தம் தரும். உங்கள் சாரத்தின் முகம் 6 மீட்டருக்கு 9 மீட்டர், மொத்தம் 54 சதுர மீட்டர். வலை கட்டிய முகத்தைக் கிட்டத்தட்ட மூடிய பலகையாகவே கருதுவது பாதுகாப்பான வழக்கம். அப்படியானால் காற்று முகத்தில் அறையும்போது ஏறக்குறைய 1,300 கிலோ தள்ளுவிசை, சாரத்தின் பாதி உயரத்தில் நின்று தள்ளுகிறது. அதைத் தடுத்து நிற்க உங்கள் சாரத்திடம் இருப்பதோ, குழாய், கிளாம்ப், பலகை எல்லாம் சேர்த்து சுமார் ஒரு டன் எடை. அந்த எடைக்கும் கவிழும் விளிம்புக்கும் இடையே உள்ள தூரம் இரண்டடிதான். விசையை அது நெம்பும் தூரத்தால் பெருக்கிப் பார்த்தால், கவிழ்க்கும் பக்கம் 5.8 டன்-மீட்டர், தாங்கும் பக்கம் 0.6 டன்-மீட்டர்.

இதையே திருப்பிப் போட்டுப் பார்த்தால் வலையின் உண்மையான விலை தெரியும். வலை இல்லாமல் குழாய்கள் மட்டும் நின்றால், உங்கள் சாரம் மணிக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர் காற்று வரை தன் எடையில் நிற்கும். வலை கட்டிவிட்டால் 23 கிலோமீட்டரிலேயே கால் எழும்பத் தொடங்கும். தெருப்புழுதி கிளம்பி, கிடக்கும் காகிதம் பறந்து, மரத்தின் சிறு கிளைகள் அசையும் காற்று 20 முதல் 28 கிலோமீட்டர் வேகம் உள்ளது. ஆடி மாதத்தில் உங்கள் ஊரில் அது நாள்தோறும் அடிக்கும் காற்று.

"முகப்பு கிழக்கே இருக்கிறது, ஆடியில் அடிப்பது மேல்காற்று, வீடே மறைத்துவிடாதா" என்று உங்கள் மேஸ்திரி சொல்லக்கூடும். ஓரளவு மறைக்கும். ஆனால் வீட்டைத் தாண்டி வரும் காற்று, மறைவான பக்கத்தில் சுவரை விட்டு வெளியே இழுக்கும் உறிஞ்சுவிசையாக மாறுகிறது. அந்த இழுப்பு உங்கள் சாரத்தைத் தெருப்பக்கமாகச் சாய்க்கக் கூடியது. கைப்பிடிச் சுவருக்கு மேலே தலைநீட்டி நிற்கும் பகுதிக்கோ எந்த மறைவும் கிடையாது. அதோடு, ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாம் ஆடியை மட்டும் குறைசொன்னாலும், சாரங்கள் விழுந்து நான் பார்த்தது பெரும்பாலும் சித்திரை, வைகாசி, புரட்டாசி மாதங்களின் மாலை வேளைகளில்தான். ஆடிக்காற்று ஒரே திசையில், முன்னறிவித்து அடிப்பது. இடிமழைக்கு முன்னால் இறங்கும் சூறைக்காற்று எந்தத் திசையிலிருந்தும் வரும், அசையாத இலை ஐந்து நிமிடத்தில் கிளையோடு முறியும். உங்கள் வேலை புரட்டாசி வரை நீளும் என்றால் கிழக்கிலிருந்து அறையும் காற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும். மேலே சொன்ன தரவிதி மதுரைக்குத் தரும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர். சில காலமே நிற்கும் தற்காலிக அமைப்புகளுக்கு அந்த விதி அனுமதிக்கும் குறைப்பைக் கழித்த பிறகும் 30 மீட்டரை ஒட்டி, அதாவது மணிக்கு 107 கிலோமீட்டர் அளவில் வந்து நிற்கிறது. நான் மேலே போட்ட கணக்கு அதைவிட மிகவும் இளகிய கணக்கு.

இனி மணல் மூட்டைக்கு வருகிறேன். சிமெண்டுப் பையில் தூக்கக்கூடிய அளவு மணல் அள்ளினால் 40 கிலோ வரும். வலையோடு, மணிக்கு 72 கிலோமீட்டர் காற்றில், சாரம் கவிழாமல் வெறுமனே சமநிலையில் நிற்கவே 215 மூட்டைகளுக்கு மேல் வேண்டும். ஒன்றரை மடங்கு பாதுகாப்பு வைத்தால் 340 மூட்டைகள். உங்கள் மேஸ்திரி மனத்தில் இருப்பது காலுக்கு இரண்டு என்று 16 மூட்டைகளாக இருக்கும் என்று நினைக்கிறேன். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, எடை கையில் தெரியும், காற்றின் நெம்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. மூட்டையில் இன்னொரு ஏமாற்றமும் உண்டு. பெரும்பாலான இடங்களில் மூட்டையைக் காலுக்குப் பக்கத்தில் தரையில் சாத்தி வைத்திருப்பார்கள். அந்தக் கால் மேலே எழும்பும்போது மூட்டை தரையிலேயே சும்மா கிடக்கும், அதற்கும் சாரத்துக்கும் எந்த உறவும் இல்லை. எடை வேலை செய்ய வேண்டுமானால், தரையிலிருந்து அரையடியில் ஓடும் அடிப் படுக்கைக் குழாய்களின் மேல் பலகை போட்டு அதில் ஏற்றிக் கட்டியிருக்க வேண்டும். அப்படி ஏற்றினாலும் பை வெயிலில் இற்றுப்போகும், பூச்சு வேலைக்கு மணல் குறையும் நாளில் சித்தாள் ஒரு மூட்டையைப் பிரித்துவிடுவார். எடையைத் துணையாக வைத்துக்கொள்ளலாம், அதை நம்பிச் சாரத்தை நிறுத்த முடியாது. மொட்டைமாடியில் மூட்டைகளை அடுக்கிச் சாரத்தை அதில் கட்டும் யோசனையும் வேண்டாம். அந்தக் காலத்து வீடு என்றால் உங்களுடையது மரக்கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸாக இருக்கும். ஓரிடத்தில் குவியும் பாரத்தை அது தாங்காது.

கயிறு பற்றிய உங்கள் கேள்விக்கு, மின்கம்பத்தில் எக்காரணம் கொண்டும் கட்டக் கூடாது என்பதே பதில். கம்பம் அந்த இழுவைக்கு நட்டதல்ல, இரும்புச் சாரமும் மின்கம்பமும் ஒரே கயிற்றில் இணைந்தால் வரும் ஆபத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. வேப்ப மரம் காற்றில் தானும் ஆடும். அது பின்னுக்குச் சாயும்போதெல்லாம் உங்கள் சாரத்தைப் பிடித்து உலுக்கும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: கயிற்றுக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. சாரம் தெருவில் விழக் கூடாது என்பது உங்கள் கவலை. தெருப்பக்கம் கட்டும் கயிறு அதைத் தெருப்பக்கம்தான் இழுக்கும். வீட்டின் மேல் சாய்வதை வேண்டுமானால் அது தடுக்கும், தெருவில் விழுவதைத் தடுக்கவே தடுக்காது. விழுவதற்கு எதிர்த்திசையில், அதாவது வீட்டுப் பக்கமாக, சாரத்தை எதுவோ பிடித்திருக்க வேண்டும். அந்தப் பிடியைத் தரக்கூடியது, அந்த இடத்தில் உள்ளவற்றிலேயே கனமானதும் அசையாததுமான உங்கள் வீடுதான்.

துளை போடாமல் வீட்டைப் பிடிப்பது எப்படி என்பதில்தான் இந்த வேலையின் நுட்பம் இருக்கிறது, உங்கள் மேஸ்திரியோடு உட்கார்ந்து பொறுமையாகப் பேச வேண்டியதும் இதைத்தான். மாடி ஜன்னல் ஒன்றின் வழியாக, சாரத்தின் வெளிக்காலிலும் உள்காலிலும் கிளாம்ப் போட்ட ஒரு குழாயை அறைக்குள் செலுத்துங்கள். பழைய ஜன்னல் கம்பிகளுக்கு இடையே சுமார் ஐந்து சென்டிமீட்டர் தடிமன் உள்ள குழாய் பெரும்பாலும் நுழைந்துவிடும். கம்பியிலோ நிலையிலோ அதைக் கட்டக் கூடாது. அறைக்குள், ஜன்னல் திறப்பின் குறுக்கே, இரண்டு பக்கமும் ஓரடிக்குக் குறையாமல் சுவரில் படியும் நீளத்துக்கு இன்னொரு குழாயைப் படுக்க வைத்து, உள்ளே வந்த குழாயோடு செங்கோணக் கிளாம்பால் இறுக்குங்கள். அந்தக் குறுக்குக் குழாய்க்கும் சுவருக்கும் இடையில் ஒரு பலகை, பலகைக்கும் காரைக்கும் இடையில் மடித்த சாக்கு. இதே ஏற்பாட்டைச் சுவரின் வெளிப்பக்கமும் செய்தால் சாரம் தெருப்பக்கம் போகவும் முடியாது, வீட்டுப்பக்கம் வந்து சுதையை இடிக்கவும் முடியாது, இரண்டு கையாலும் சுவரைக் கவ்விப் பிடித்ததுபோல் நிற்கும். ஜன்னலின் இரு நிலைகளுக்கும் இடையில் குழாயைத் திருகி நெரித்து நிறுத்தும் முறையும் தொழிலில் உண்டு. சுண்ணாம்புக் காரை ஓரங்கள் அந்த நெரிப்பில் பொரிந்து உதிரும் என்பதால் உங்கள் வீட்டுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். ஜன்னல் வழிப் பிணைப்பு, சாரத்தில் காலும் படுக்கைக் குழாயும் சேரும் முடிச்சிலிருந்து ஓரடிக்குள் இருக்கட்டும், வெறுங்குழாயின் நடுவில் பிடித்தால் குழாய் வளையும்.

மாடி ஜன்னல் மட்டத்தில் இப்படி இரண்டு பிணைப்புகள் போட்டுவிடலாம். மொட்டைமாடி மட்டத்தில்தான் யோசனை தேவை, ஏனென்றால் கையருகே இருக்கும் கைப்பிடிச் சுவரில் கட்டிவிட எல்லோருக்கும் கை நீளும். அந்தச் சுவரே தலையில் பிடிமானம் இல்லாமல் தனியாக நிற்பது, அதன் மேல்தான் உங்கள் சுதை உருவங்களும் இருக்கின்றன. அதற்குப் பதிலாக, இரண்டு நீளக் குழாய்களைக் கைப்பிடிச் சுவரைத் தொடாமல் அதற்கு மேலாக மொட்டைமாடியின் குறுக்கே பின்பக்கம் வரை கொண்டுபோய், பின்சுவருக்கு வெளியே இறங்கும் குழாய்களோடு சேர்த்து, அவற்றைப் பின்பக்க மாடி ஜன்னலில் நான் மேலே சொன்னபடியே பிணையுங்கள். குழாயோடு குழாய் நீட்டும் இடங்களில் முனையோடு முனை செருகும் இணைப்பு இழுவையில் கழன்றுவிடும். இரண்டடி தூரம் ஒன்றோடொன்று ஒட்டி ஓடவிட்டு இரண்டு கிளாம்ப் போட வேண்டும். வலையில்லாத உங்கள் சாரத்தில் மணிக்கு 107 கிலோமீட்டர் காற்று தரும் மொத்தத் தள்ளுவிசை ஏறத்தாழ 500 கிலோ. நான்கு பிணைப்புகள் பகிர்ந்தால் ஒன்றுக்குச் சராசரி 125 கிலோ, அது ஒரு தடித்த செங்கல் சுவர் உணரவே உணராத இழுவை. வலையை விட்டுவைத்தால் அதே காற்றில் ஒவ்வொன்றும் 700 கிலோ ஏற்க வேண்டியிருக்கும்.

மேல்மட்டப் பிணைப்பு எந்த விதத்திலும் முடியாது என்றால், சாரத்தின் உயரத்தைக் குறைத்துவிடுங்கள். கடைசிப் பிணைப்புக்கு மேல் 12 அடிக்கு மிகாமல் நிற்கட்டும் என்பது என் வழக்கம். சுதை வேலையை மொட்டைமாடியில் நின்றுகொண்டே எவ்வளவு தூரம் முடிக்கலாம் என்பதையும் ஸ்தபதியிடம் கேட்டுப் பாருங்கள்.

பிணைப்போடு சேர்த்து, சாரத்தின் பாதத்தையும் அகலப்படுத்தச் சொல்வேன். உயரம் பாதத்தின் அகலத்தைப் போல 4 மடங்கைத் தாண்டினால் சாரத்தைப் பிணைத்தே ஆகவேண்டும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி. திறந்தவெளியில் நான் 3 மடங்குக்கு மேல் விடுவதில்லை. உங்களுடையது ஏழரை மடங்கு. தெரு இடம் கொடுத்தால் வெளிப்பக்கம் முட்டுக் குழாய்கள் கொடுத்து, அவற்றின் அடியைச் சாரத்தின் அடியோடு குழாயால் பூட்டி, பாதத்தை 10 அடி ஆக்கலாம். அதைவிட நல்லது, சாரத்தை மூலையில் திருப்பி வீட்டின் பக்கச் சுவரோரம் ஒரு கண், அதாவது ஒரு கால் இடைவெளி நீளத்துக்கு, ஓடவிடுவது. நம் ஊர்க் கோபுரங்களுக்குத் திருப்பணி நடக்கும்போது கட்டும் சாரத்தைக் கவனித்திருப்பீர்கள். மீனாட்சியம்மன் கோயிலில் 2009 குடமுழுக்குக்கு முன்னால் கோபுரங்கள் கீற்றுத்தட்டிக்குள் மறைந்து நின்றதை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கீற்று காற்றை மறைப்பதில் பச்சை வலைக்குக் குறைந்ததல்ல. அந்தச் சாரம் நான்கு பக்கமும் கோபுரத்தை வளைத்துத் தன்னைத்தானே பிடித்துக்கொண்டு நிற்பது, எந்தப் பக்கம் தள்ளினாலும் எதிர்ப்பக்கம் கல்லிலோ சுதையிலோ சாய்மானம் உண்டு. உங்கள் சாரம் ஒரே முகத்தில் நிற்கும் தட்டி.

காலடியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். தகடுகளுக்கு அடியில் உடைந்த செங்கல் இருந்தால் எடுத்துவிட்டு, இரண்டு கால்களுக்குக் குறையாமல் தாங்கும் நீளப் பலகையைப் போடுங்கள். சாக்கடை மூடியின் மேல் எந்தக் காலும் நிற்கக் கூடாது. வைகைக் கரை வண்டல் ஒரு மழையில் இளகும், ஒரு கால் அரை அங்குலம் இறங்கினாலும் உச்சியில் அது பல அங்குலச் சாய்வு. மூலைவிட்டக் குழாய்கள் அடியிலிருந்து உச்சி வரை விடுபடாமல் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வாடகைக்கு எடுக்கும்போது குறைத்து எடுக்கப்படுவது எப்போதும் இந்தக் குழாய்கள்தான்.

தூசிக்கு வலை வேண்டும் என்ற உங்கள் கவலை நியாயமானது, எதிர்வீட்டுக்காரர்களை நினைத்து நீங்கள் அதைச் சொல்கிறீர்கள். பிணைப்புகள் நான்கும் முடிந்த பிறகு, அன்றைக்கு வேலை நடக்கும் ஆறடி மட்டத்துக்கு மட்டும் வலையை மறையுங்கள், மாலையில் வேலை முடிந்ததும் சுருட்டிக் கட்டிவிடுங்கள். சுரண்டும் வேலையில் சுவரை நனைத்துக்கொண்டே சுரண்டினால் தூசி பாதி அடங்கும். புழுதி கிளம்பித் தென்னை மட்டைகள் ஒரே பக்கமாக நீவிக்கொண்டு நின்றால் ஆட்களை இறக்கிவிடுங்கள். இடிமழை பற்றி இந்திய வானிலை ஆய்வுத் துறை அடுத்த மூன்று மணி நேரத்துக்கு மாவட்டவாரியாக எச்சரிக்கை வெளியிடுகிறது. மதியம் இரண்டு மணிக்கு ஒருமுறை அதைப் பார்ப்பதை வீட்டில் ஒருவர் பொறுப்பாக ஏற்றுக்கொள்ளலாம்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜன்னல் வழியே வரும் குழாய் தச்சருக்கும் பெயிண்டருக்கும் இடைஞ்சலாகத்தான் இருக்கும். "ஒரு நாளைக்குத்தானே" என்று யாராவது அதைக் கழற்றுவார்கள். பிரிக்கும் நாளிலும் கைக்கு எட்டும் பிணைப்பை முதலில் அவிழ்ப்பார்கள். பிணைப்புக் குழாய்கள் நான்குக்கும் சிவப்பு வண்ணம் அடித்து, மேஸ்திரியைத் தவிர யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவையுங்கள். சாரத்தை மேலிருந்து பிரித்துக்கொண்டே வந்து, ஒரு பிணைப்பின் மட்டத்துக்கு வந்த பிறகுதான் அந்தப் பிணைப்பை எடுக்க வேண்டும்.

எல்லாம் கட்டி முடித்த அன்று மாலை, ஒவ்வொரு காலின் தகட்டைச் சுற்றியும், பாதி தகட்டிலும் பாதி பலகையிலும் படும்படி, கோலப்பொடியால் ஒரு மெல்லிய கோடு இழுக்கச் சொல்லுங்கள். அரிசி மாவு என்றால் எறும்பு கலைத்துவிடும், கல்மாவாக இருக்கட்டும். காற்றடித்த ஓர் இரவு கழிந்து, மறுநாள் காலையில் எட்டுக் கால்களிலும் அந்தக் கோடு கீறல் விடாமல் இருந்தால் ஆட்களை ஏற்றுங்கள். ஒரு காலில் கோடு பிளந்திருந்தாலும் ஏற்ற வேண்டாம், எந்தக் கால் என்று குறித்து எனக்கு எழுதுங்கள்.